தார் பாலைவனச் சாலையில் சைக்கிள் மக்கர் செய்தால்

ஜோத்பூரில் கிளம்பி போக்ரன் வழியாக ஜெய்சால்மர். அங்கிருந்து ராம்கர், தனோட், லோங்கேவாலா, மறுபடி ராம்கர் வந்து ஜெய்சால்மர். எல்லாம் சேர்த்து சுமார் 550 கிலோமீட்டர் வரும். குளிர்காலத்தில் நண்பர்கள் கூட்டமாக இந்தச் சாலையில் ஓட்டுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. கூட்டத்தில் ஒருவனுக்குப் பஞ்சர் ஒட்டத் தெரியும் என்று ஒருமுறை வெளியே வந்துவிட்டால் போதும், அப்புறம் எட்டுப் பேர் வண்டிக்கும் அவன்தான் மெக்கானிக். அந்த ஒருவன் நான்.

ஒவ்வொரு முறையும் வருகிற கோளாறுகள் பெரும்பாலும் அதே பழைய கோளாறுகள்தான். அதனால்தான் எழுதி வைக்கிறேன். உங்களுக்கு என்ன கோளாறு தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். காசு செலவில்லாத காரணம் முதலில் இருக்கும், கைவிட வேண்டிய இடம் கடைசியில் இருக்கும்.

இதெல்லாம் நவம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும்தான். இந்தப் பக்கத்தில் இருக்கும் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி வெயில் பதிவாகியிருக்கிறது. மே மாதம் ஓட்டத் திட்டம் போடுகிறவருக்கு என்னிடம் வைத்தியம் இல்லை.

## பஞ்சர் ஒட்டினேன், ஒரு மணி நேரத்தில் மறுபடி காற்று இறங்கிவிட்டது

இந்தச் சாலையில் நான் செய்கிற வேலையில் பாதி இதுதான். ஒருமுறை தேச்சு என்ற ஊரைத் தாண்டியதும் நண்பர் ஒருவருக்குப் பின் டயர் போனது. அவரே டியூப் மாற்றினார். 15 கிலோமீட்டரில் மறுபடி போனது. இரண்டாவது டியூபையும் மாற்றினார். மூன்றாவது முறை நான் போய் உட்கார்ந்தேன். டயருக்குள் விரலை ஓட்டிப் பார்த்தால் ஒன்றும் தட்டுப்படவில்லை. முதலுதவிப் பையிலிருந்து கொஞ்சம் பஞ்சு எடுத்து, டயரின் உள்பக்கம் மெதுவாகச் சுற்றி இழுத்தேன். ஓர் இடத்தில் பஞ்சின் இழை மாட்டி நின்றது. அங்கே டயரைப் பின்பக்கமாக வளைத்தால், இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பழுப்பு முனை. முள் உடைந்து ரப்பருக்குள்ளேயே தங்கிவிட்டது. வண்டியில் ஆள் ஏறி உட்காரும்போது மட்டும் உள்ளே எட்டிப் பார்க்கும், இறங்கினால் ஒளிந்துகொள்ளும்.

நமக்கு நன்றாகத் தெரிந்த முள்தான் அது. சீமைக்கருவேலம். ராமநாதபுரத்துக் கண்மாய்க் கரையில் நிற்கிற அதே மரம் இங்கே சாலையோரமெல்லாம் நிற்கிறது. உள்ளூர்க்காரர்கள் அதை ‘விலாயத்தி பபூல்’ என்கிறார்கள். விலாயத்தி என்றாலும் சீமைதான். இரண்டு ஊரும் கலந்து பேசாமலே ஒரே பெயரை வைத்திருக்கின்றன.

டியூபைக் கழற்றியதும் ஓட்டை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பாதி விடை அதிலேயே இருக்கிறது.

ஓட்டை டியூபின் வெளிப்பக்கம், ஒன்றே ஒன்று: முள் அல்லது கம்பி. டயரில் அச்சிட்ட பெயர் வால்வுக்கு நேராக வரும்படி எப்போதும் மாட்டி வைத்திருந்தால், டியூபை டயரோடு ஒப்பிட்டு இடத்தை ஒரு நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். மாட்டி வைக்காதவர்கள் முழுச் சுற்றும் பஞ்சு ஓட்ட வேண்டியதுதான். கம்பி என்று நான் சொல்வது, லாரி டயர் வெடித்துச் சிதறும்போது உதிரும் எஃகு இழை. தலைமுடி கனம்தான் இருக்கும், நகத்தால் பிடித்து இழுத்தால் வராது. வீட்டில் இருக்கும் முள்வாங்கி ஒன்றைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். ஆயிரக்கணக்கில் விலை கொடுத்து வாங்கிய கருவியைவிட அது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. ஒரு முள்ளை எடுத்ததும் நிறுத்திவிடாதீர்கள். மீதிச் சுற்றையும் பாருங்கள், பெரும்பாலும் இன்னொன்று இருக்கும்.

பக்கத்தில் பக்கத்தில் இரண்டு ஓட்டை, பாம்பு கடித்த மாதிரி: முள் இல்லை, காற்று குறைவு. பள்ளத்தில் இறங்கும்போது டியூப் ரிம்முக்கும் சாலைக்கும் நடுவில் நசுங்கியிருக்கிறது. 70 கிலோ ஆளுக்கு 28 மில்லிமீட்டர் டயரில் 80 பிஎஸ்ஐ அளவுக்கு வைத்துக்கொண்டால் இது வராது. விடியற்காலை 5 டிகிரியில் 80 வைத்தால், மதியம் டயர் சூடானதும் 88 பக்கம் போயிருக்கும். அதற்குப் பயந்து காலையிலேயே குறைவாக அடிக்க வேண்டாம்.

ஓட்டை உள்பக்கம், ரிம்மைப் பார்த்தபடி: ரிம் டேப் விலகி ஸ்போக் துளை தெரிகிறது. டேப்பை நகர்த்திச் சரி செய்யுங்கள். கிழிந்திருந்தால் இன்சுலேஷன் டேப்பை இரண்டு சுற்றுச் சுற்றினால் ஜெய்சால்மர் வரை தாங்கும்.

வால்வின் அடியில் கிழிசல்: ஒட்டினால் நிற்காது. டியூபைத் தூக்கிப் போடுங்கள்.

ஒட்டுதான் பிடிக்கவில்லை: இரண்டு காரணம். ஒன்று, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த இடத்தில் மணல் தூசி உட்கார்ந்திருக்கிறது. காற்றுக்கு முதுகு காட்டி, டியூபை மடிமேல் வைத்து வேலை செய்யுங்கள். இரண்டு, சொல்யூஷன். இந்த வறண்ட காற்றில் அது சட்டென்று காய்ந்துவிடும், நம் ஊரில் காத்திருக்கிற மாதிரி இங்கே நின்றுகொண்டிருக்க வேண்டாம். ஒரு தடவை திறந்த சொல்யூஷன் டியூப் அடுத்த பயணத்துக்குள் கல்லாகியிருக்கும். கிளம்பும் முன் அமுக்கிப் பாருங்கள்.

டயரே கிழிந்து உள்ளே நூல் தெரிந்தால், காலியான ஓஆர்எஸ் பாக்கெட்டை நாலாக மடித்து உள்பக்கம் வைத்து, காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓட்டலாம். டயர் ஓரிடத்தில் கொப்புளம் மாதிரி புடைத்தால் ஓட்டக் கூடாது. ரோடு சைக்கிளுக்கான டயர் போக்ரனில் எனக்குக் கிடைத்ததில்லை. கூட்டத்துக்கு ஒன்றாவது மடிக்கும் டயர் வைத்திருங்கள். இல்லையென்றால் வண்டியை ஏற்றி ஜோத்பூர்தான்.

லாரி பஞ்சர் கடைகள் வழியெங்கும் உண்டு. அவர்கள் போடும் கனமான ஒட்டு நம் மெல்லிய டியூபில் நிற்காது. காற்று மட்டும் பிடித்துக்கொள்ளலாம். அதற்கு பிரெஸ்டா வால்வில் (ரோடு சைக்கிள் டியூபில் இருக்கும் ஒல்லியான வால்வு) மாட்டும் சின்னப் பித்தளை அடாப்டர் வேண்டும். கம்ப்ரஸர் குழாயை அவர் கையில் விடாமல் நீங்களே வைத்து, விட்டு விட்டு அடியுங்கள். லாரி டயருக்குப் பழகிய கை, நம் டயரை இரண்டு நொடியில் வெடிக்க வைத்துவிடும்.

## ராத்திரி நன்றாக இருந்தது, காலையில் சப்பையாகக் கிடக்கிறது

நேற்று டயருக்குக் காற்றடிக்கும் கையடக்க கேஸ் சிலிண்டரால் காற்று அடித்தீர்களா? அப்படியென்றால் கோளாறே இல்லை. அந்த கார்பன் டை ஆக்ஸைடு ரப்பர் வழியாகச் சீக்கிரம் கசிந்துவிடும். கை பம்ப்பால் அடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

இல்லை என்றால் வால்வில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வந்தால் வால்வின் உள் முனை தளர்ந்திருக்கிறது, விரலாலேயே முடுக்கலாம். அதுவும் இல்லையென்றால், தங்கிய இடத்தின் முற்றத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு போனீர்களா என்று யோசியுங்கள். தரையோடு படர்ந்த நெருஞ்சி இங்கேயும் உண்டு. சாலையை விட்டு இறங்கினால் வண்டியைத் தோளில் தூக்குவது என்பது எங்கள் கூட்டத்தில் இப்போது சட்டம்.

டியூப்லெஸ் (டியூப் இல்லாத டயர்) வைத்திருப்பவர்கள் இந்த இரண்டு தலைப்பையும் படித்துவிட்டுச் சிரிக்கலாம். ஆனால் இந்த வறட்சியில் உள்ளே இருக்கும் சீலன்ட், அதாவது ஓட்டையை அடைக்கும் திரவம், வேகமாகக் காயும். கிளம்பும் முன் புதிதாக ஊற்றியிருந்தால் மட்டும் சிரியுங்கள்.

## செயின் கறகறக்கிறது

முதலில் நீங்கள் செய்யக் கூடாதது: எண்ணெய் விடுவது.

போக்ரனுக்கு முன்னால் ஒரு தாபாவில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஆள் ஒருவர் செயின் சத்தம் தாங்காமல் கடைக்காரரிடம் எண்ணெய் கேட்டார். அவர் நல்ல மனசோடு ஒரு கிண்ணத்தில் கடுகெண்ணெய் கொண்டுவந்தார். செயின் முழுக்க ஊற்றினார்கள். சத்தம் உடனே நின்றது, இவருக்கு ஏக சந்தோஷம். 20 கிலோமீட்டர் கழித்துப் பார்த்தால் மணலும் எண்ணெயும் சேர்ந்து கறுப்புச் சாந்தாகி, பற்கள் இடையே அப்பியிருந்தது. சாணைக்கல் மேல் ஓட்டிய மாதிரிதான். அன்று இரவு டீசலில் கழுவி முடிக்க எனக்கு ஒன்றரை மணி நேரம் ஆனது.

சரி, என்ன செய்வது? காய்ந்த துணியால் செயினைப் பிடித்து, பெடலைப் பின்னோக்கிச் சுற்றுங்கள். துணி கறுப்பாவது நிற்கும் வரை இடம் மாற்றி மாற்றித் துடையுங்கள். பாதி நேரம் சத்தம் இதிலேயே போய்விடும். போகவில்லையென்றால் மெழுகு கலந்த உலர் வகை லூப் (செயினுக்கு விடும் மசகு) ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு. பத்து நிமிடம் ஆறவிட்டு, வெளிப்பக்கம் மறுபடி துடைத்துவிடுங்கள். செயினின் வெளிப்பக்கம் தொட்டால் விரலில் ஒட்டக் கூடாது. இதை இரவில் செய்வது நல்லது.

துடைத்து லூப் போட்ட பிறகும் சத்தம் இருந்தால், பெடலைச் சும்மா சுற்றும்போதும் வருகிறதா, மிதிக்கும்போது மட்டும் வருகிறதா என்று கேளுங்கள். மிதிக்கும்போது மட்டும் ‘டொக் டொக்’ என்று அடித்தால் பெடல் அல்லது பாட்டம் பிராக்கெட் (கிராங்க், அதாவது பெடல் மாட்டிய கை, சுழலும் அச்சுப் பகுதி). பெடலை முடுக்கிப் பாருங்கள். கிராங்கைப் பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் தெரிகிறது என்றால் பாட்டம் பிராக்கெட் பேரிங்கில் மணல் போய்விட்டது. வழியில் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. மெதுவாக ஓட்டி முடித்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் செலவு செய்யுங்கள்.

## கியர் தானாகத் தாவுகிறது

இதில் ஒரு கேள்வி: வண்டியை ரயிலிலோ பஸ்ஸிலோ போட்டுக் கொண்டுவந்தீர்களா, அல்லது வலப்பக்கம் சாய விழுந்ததா?

இல்லை என்றால் பெரும்பாலும் கேபிள். பின் கியரில் கேபிள் நுழையும் இடத்தில் இருக்கும் திருகைக் கால் சுற்று இடமாகத் திருப்பி ஓட்டிப் பாருங்கள். போதவில்லை என்றால் இன்னொரு கால் சுற்று. அதற்கு மேல் போகாதீர்கள். அடுத்து, செயினைப் பின்னோக்கிச் சுற்றி, பின் கியரின் சின்னச் சக்கரங்கள் வழியாகப் போகும்போது எந்தக் கண்ணியாவது விறைத்துத் துள்ளுகிறதா என்று பார்க்க வேண்டும். விறைத்திருந்தால் அந்தக் கண்ணியைப் பக்கவாட்டில் இரண்டு கையாலும் மெல்ல ஆட்டினால் இளகும்.

மிதித்து ஏறும்போது மட்டும், அதுவும் பின்பக்கத்துச் சின்னப் பல்லில் (பல்சக்கரத்தில்) மட்டும் தாவினால் செயின் நீண்டுவிட்டது. ஸ்கேல் வைத்து 12 முழுக் கண்ணிகளை அளந்தால் 305 மில்லிமீட்டர் வர வேண்டும். ஒன்றரை மில்லிமீட்டர் கூடியிருந்தால் செயினை மாற்ற வேண்டும். மூன்று கூடியிருந்தால் கேசட்டும் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி) சேர்ந்து போய்விட்டது. இதை ஜோத்பூருக்கு வந்து அளப்பதில் பயனில்லை, வீட்டிலேயே அளந்துவிடுங்கள்.

ஆமாம், விழுந்தது என்றால் ஹேங்கர் (பின் கியரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் சின்ன அலுமினியத் துண்டு) வளைந்திருக்கும். பின்னால் நின்று பாருங்கள். கியரின் இரண்டு சின்னச் சக்கரமும் பல்லுக்கு நேர்க்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச் சக்கரம் ஸ்போக் பக்கம் சாய்ந்திருந்தால் பெரிய பல்லுக்குப் போகவே போகாதீர்கள், கியர் ஸ்போக்குக்குள் மாட்டிக்கொள்ளும். ஒரு தடவை மெல்ல வளைத்து நேராக்கலாம். இரண்டாவது தடவை அலுமினியம் முறிந்துவிடும். ஒவ்வொரு வண்டிக்கும் ஹேங்கர் வேறு வேறு வடிவம், ஒன்று இன்னொன்றுக்குப் பொருந்தாது. உங்கள் வண்டிக்கானதை உபரியாக ஒன்று வாங்கி, சீட்டுக்கு அடியில் டேப் போட்டு ஒட்டி வையுங்கள்.

முறிந்தே போனால் பின் கியரைக் கழற்றி, செயினைச் சுருக்கி, நடுவிலுள்ள ஒரு பல்லில் மாட்டி ஒற்றை கியர் வண்டியாக ஓட்டலாம். செயின் கட்டரும், செயினைச் சேர்க்கும் குவிக் லிங்க்கும் இருந்தால் அரை மணி நேர வேலை. எழுந்து நின்று மிதிக்காமல் போனால் அடுத்த ஊர் வரை போய்விடலாம். வெல்டிங் கடைக்காரர் ‘ஒட்டித் தருகிறேன்’ என்பார். அலுமினியத்திலும் கார்பனிலும் அவர் கையை வைக்க விடாதீர்கள்.

## சமதரை, ஆனால் வேகம் மணிக்கு 14 கிலோமீட்டரைத் தாண்டவில்லை

ஜெய்சால்மரை நெருங்கும்போது எல்லோரும் கேட்கிற கேள்வி இது. வண்டியைப் பிரிப்பதற்கு முன் தலையைத் தூக்கி எதிரே உள்ள காற்றாலையைப் பாருங்கள். இந்த ஊரைச் சுற்றி காற்றாலைகள் காடு மாதிரி நிற்கின்றன. காற்றாலையின் முகம் எப்போதும் காற்று வரும் திசையைப் பார்த்திருக்கும். எதிரே இருப்பது உங்களுக்கு முதுகு காட்டினால் எதிர்காற்று, முகம் காட்டினால் பின்காற்று. முதுகு தெரிந்தால் வண்டி நன்றாகத்தான் இருக்கிறது. வரிசையாக ஒட்டி ஓட்டுங்கள், இரண்டு நிமிடத்துக்கு ஒருவர் முன்னால் மாறுங்கள், இன்றைய தூரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

முகம் தெரிந்தும் வேகம் இல்லையா? இறங்குங்கள். டயரை அமுக்குங்கள், மெதுவாகக் காற்று இறங்கிக்கொண்டிருக்கலாம். சக்கரத்தைத் தூக்கிச் சுற்றுங்கள். சீக்கிரம் நின்றால் பிரேக் உரசுகிறது, அல்லது ஸ்போக் ஒன்று தளர்ந்து ரிம் நெளிந்திருக்கிறது. ஸ்போக்குகளை இரண்டிரண்டாகப் பிடித்து அமுக்கினால் தளர்ந்தது கையில் தெரியும். கால் சுற்று முடுக்கலாம். உடைந்தே போயிருந்தால் அதைப் பக்கத்து ஸ்போக்கோடு சுற்றிக் கட்டி, பிரேக்கைக் கொஞ்சம் திறந்துவிட்டு ஓட்டுங்கள். இரண்டு உடைந்தால் சைக்கிளை வேறு வண்டியில் ஏற்ற வேண்டியதுதான்.

எல்லாம் சரியாக இருக்கிறதா? கடைசியாக எப்போது சாப்பிட்டீர்கள்?

## ஹேண்டில் தானாக இழுக்கிறது, முன் சக்கரம் வழுக்குகிறது

ராம்கருக்கு மேல் சாலை மணல் மேடுகளுக்கு நடுவே ஏறி இறங்குகிறது. காற்றடித்த மறுநாள் இறக்கத்தின் அடியில் சாலை மேலேயே மணல் நாக்கு நீட்டியிருக்கும், வெயிலில் தூரத்திலிருந்து தெரியாது. அதற்குள் போய்விட்டால் பிரேக் பிடிக்காதீர்கள், திருப்பாதீர்கள். உடம்பைப் பின்னால் தள்ளி, கையைத் தளர்த்தி, நேராக மிதித்துக்கொண்டே வெளியேறுங்கள். விரல் ஆழத்துக்கு மேல் மணல் என்றால் இறங்கி நடப்பதில் அவமானம் ஒன்றும் இல்லை.

மணல் இல்லாத இடத்திலும் இழுத்தால் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டிலின் கழுத்தில் ‘கடக்’ என்றால் ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் இடத்திலுள்ள பேரிங்) தளர்ந்திருக்கிறது. ஸ்டெம்மின் (ஹேண்டிலைப் பிடித்திருக்கும் பாகம்) பக்கத் திருகுகளைத் தளர்த்தி, மேல் திருகை லேசாக முடுக்கி, பக்கத் திருகுகளை மறுபடி இறுக்க வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

மணலில் போய் வந்த பிறகு பிரேக் கிறீச்சிட்டால், ரிம் பிரேக் ரப்பரில் பதிந்த மணலை முள்வாங்கியால் எடுத்துவிடுங்கள். டிஸ்க் என்றால் சுத்தமான தண்ணீர் கொஞ்சம் ஊற்றிக் காயவிடுங்கள், வேறெதுவும் அதன்மேல் படக் கூடாது. லீவர் ஹேண்டில் வரை உள்ளே போகிறது என்றால் அந்த வண்டியில் அன்றைக்கு யாரும் ஏறக் கூடாது.

## தலைவலி, குமட்டல்

இங்கே வியர்வை சட்டை நனையும் முன் காய்ந்துவிடும். ‘எனக்கு வியர்க்கவே இல்லை’ என்று சொன்னவரின் முதுகில் உப்பு வெள்ளையாகப் படிந்திருக்கும்.

சிறுநீர் நல்லெண்ணெய் நிறத்தில் இருந்தால் தண்ணீர் போதவில்லை. நிழலில் உட்கார்ந்து ஓஆர்எஸ் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். ஒரு பெரிய பாக்கெட் ஒரு லிட்டருக்கானது. 750 மில்லி பாட்டிலில் முக்கால் பாக்கெட்தான் போட வேண்டும். பாக்கெட் இல்லாவிட்டால் ஒரு லிட்டருக்கு மட்டமாக ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. தாபாவில் கிடைக்கும் உப்புப் போட்ட மோரும் நல்லது, இங்கே ‘சாச்’ என்று கேளுங்கள்.

சிறுநீர் வெறும் தண்ணீர் மாதிரி போகிறது, மோதிரம் விரலில் இறுகுகிறது, ஆனாலும் தலைவலி என்றால் கதையே வேறு. வெறும் தண்ணீரை அளவுக்கு மீறிக் குடித்து உடம்பில் உப்பு நீர்த்துவிட்டது. தண்ணீரை நிறுத்துங்கள், உப்புக் காரம் உள்ளதாக ஏதாவது சாப்பிடச் சொல்லுங்கள். இந்த இரண்டையும் குழப்பி, வீங்கிய விரல்காரருக்கு இன்னும் தண்ணீர் கொடுப்பதுதான் நான் பார்த்த பெரிய தவறு.

எந்த வகையானாலும், பேச்சு குழறினால், எங்கே இருக்கிறோம் என்று தெரியாமல் விழித்தால், வாந்தி நிற்காவிட்டால் அதோடு நம் வைத்தியம் முடிந்தது. உடம்பு கொதித்தால் கழுத்திலும் அக்குளிலும் ஈரத்துணி வைத்து விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள். நெடுஞ்சாலை உதவிக்கு 1033. போக்ரன், ஜெய்சால்மர் இரண்டிலும் அரசு மருத்துவமனை உண்டு. ராம்கர் தாண்டினால் சிக்னலை நம்ப முடியாது. அங்கே போகிற வண்டியைக் கை காட்டி நிறுத்துவதுதான் வேகமான வழி. எல்லைப் பாதுகாப்புப் படை வண்டியோ, பின்னால் திறந்த ஒரு பொலேரோ கேம்பரோ வரும். கேம்பரில் ஆளும் சைக்கிளும் சேர்ந்தே ஏறிவிடலாம்.

## வயிறு கலக்குகிறது

தண்ணீர்தான். இங்கே பல கிணற்று நீர் உப்பு. பாட்டிலை நிரப்பும் முன் ‘மீட்டா பானியா, காரா பானியா’ என்று கேளுங்கள். காரா என்றால் காரம் இல்லை, உப்பு. மீட்டா என்று சொன்னால் மட்டும் பிடியுங்கள். தனோட் மாதா கோயிலைப் பார்த்துக்கொள்வது எல்லைப் பாதுகாப்புப் படை. அங்கே நல்ல தண்ணீர் கிடைக்கும், லோங்கேவாலா பக்கம் திரும்பும் முன் எல்லா பாட்டிலையும் அங்கேயே நிரப்பிவிடுங்கள்.

## மூக்கில் ரத்தம்

வறண்ட காற்று, பயப்பட வேண்டாம். தலையை முன்னால் குனிந்து, மூக்கின் மென்மையான பகுதியைப் பத்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். அண்ணாந்து பார்க்கக் கூடாது. மறுநாளிலிருந்து காலையிலும் இரவிலும் மூக்குக்குள் லேசாக வாஸ்லின். அரை மணி நேரம் அழுத்தியும் நிற்காவிட்டால் மருத்துவமனை.